கொடை முடிந்து மிஞ்சும் இருப்பு

வண்ணார்பேட்டையிலிருந்து ஜங்ஷனுக்குப் போகிறவர்கள் தாமிரபரணியைக் கடப்பது சுலோசன முதலியார் பாலத்தில். லண்டன் வாட்டர்லூ பாலத்தை மாதிரியாகக் கொண்டு, பதினொரு வளைவுகளோடு 1843-இல் கட்டி முடித்தார்கள். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் செலவைத் தாமே ஏற்றுக்கொண்டார். முதலில் பொதுமக்களிடம் நன்கொடை பிரிப்பதாகத்தான் பேச்சு இருந்தது, பிறகு முதலியார் நானே தருகிறேன் என்று முன்வந்தார், மனைவியின் நகையும் அதில் போயிற்று என்று திருநெல்வேலியில் இன்றும் சொல்வார்கள். 1869 வெள்ளத்தில் பாலம் சேதமடைந்தது, சீர்செய்தார்கள், பின்னாளில் அகலப்படுத்தவும் செய்தார்கள். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அந்தப் பெயருக்குரிய மரியாதை அப்படியே இருக்கட்டும். ஆனால் இந்த ஆற்றங்கரை ஊர்களில் பொதுக் காரியத்துக்குப் பணம் சேர்ந்த வழி அதுவல்ல. கோயில் மண்டபம், மாதாகோயில் கோபுரம், பள்ளிக்கூடத்துக் கட்டடம், கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுக்கும் அண்டா, கபடிக் களத்தின் விளக்குக் கம்பம் இவற்றில் பெரும்பாலானவை ஆயிரம் பேர் கொடுத்த சில்லறையில் வந்தவை. அந்தச் சில்லறை எப்படிப் பிரிந்தது, யார் கணக்கு வைத்தார்கள், யாரிடம் வாங்க மறுத்தார்கள் என்பதை நாம் வரலாறாக எழுதவில்லை. பாலத்தைப் பற்றி எழுதியதில் நூறில் ஒரு பங்குகூட ஊர்க்கணக்கு நோட்டுகளைப் பற்றி எழுதப்படவில்லை என்பது என் வருத்தம்.

இங்கிலாந்துக் கிராமங்களின் விநோதப் போட்டிகளைப் பற்றிப் பலர் படித்திருப்பார்கள். ஓல்னி என்ற ஊரில் பெண்கள் கையில் வாணலியோடு, அதிலிருக்கும் பான்கேக்கைத் தூக்கிப் போட்டுப் பிடித்தபடி ஓடுகிறார்கள். கூப்பர்ஸ் ஹில் சரிவில் உருட்டிவிட்ட பாலாடைக்கட்டியைத் துரத்திக்கொண்டு விழுந்து புரள்கிறார்கள். எக்ரிமாண்ட் ஊரில் முகத்தைக் கோணிக் காட்டுவதற்கே பரிசு. அங்கே கோடைக்கால ஊர்விழாக்களில் பெரும்பாலும் விழாவிலிருந்து பணம் பிறக்கிறது. கேக் விற்று, பரிசுச் சீட்டு விற்று, தேவாலயக் கூரைக்கோ ஊர் மண்டபத்துக்கோ சேர்க்கிறார்கள். நம் பக்கத்தில் திசை வேறு. விழாவுக்காகப் பணம் பிரிக்கிறோம். விழா முடிந்து மிஞ்சுகிற இருப்புதான் ஊரின் முதலாகிறது. வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் கொடை விழாவை வீண்செலவு என்று எளிதாகச் சொல்லிவிடுவதற்குக் காரணம், அந்த இருப்பு அவர்கள் கண்ணில் படாததுதான்.

சித்திரையில் தொடங்கி ஆடி, ஆவணி வரை நெல்லைச் சீமையில் அம்மன் கோயில்களிலும் சுடலைமாடன் கோயில்களிலும் கொடை நடக்கும். நாள் குறிப்பதற்கு முன்னால் ஊர்க்கூட்டம். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். வசதி உள்ளவனுக்கும் கூலிக்குப் போகிறவனுக்கும் வரி ஒன்றே. கணவனை இழந்த பெண் நடத்தும் குடும்பத்துக்குப் பல ஊர்களில் அரை வரி. பிழைப்புக்காக மும்பைக்கோ சென்னைக்கோ வளைகுடாவுக்கோ போனவர்களுக்கும் வரி உண்டு; அவர்கள் பங்கைத் தகப்பனாரோ அண்ணனோ கட்டிவிடுவார். நோட்டீஸின் அடியில் ‘இப்படிக்கு, வரிதாரர்கள்’ என்று அச்சடிப்பார்கள். ஊருக்கு உரியவர் யார் என்ற கேள்விக்கு அந்த ஒரு சொல்லில் பதில் இருக்கிறது.

வரிக்கு மேல் தருவது நன்கொடை. அதற்கு அளவில்லை, ஆனால் சத்தம் உண்டு. வில்லுப்பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே இடையில் மைக்கை வாங்கி, இன்னார் மகன் இன்னார், அம்மன் கோயில் கொடைக்கு அன்பளிப்பு ரூபாய் ஐநூற்று ஒன்று என்று வாசிப்பார்கள். பக்கத்தில் ஒருவர் மடியில் நீள நோட்டை விரித்து வைத்துக்கொண்டு எழுதுவார். தொகை சிறியதானாலும் பெயர் விட்டுப்போகக் கூடாது. விட்டுப்போனால் மறுநாள் காலை டீக்கடையில் அதுதான் பேச்சு. ட்யூப்லைட்டில் ‘உபயம்’ எழுதுவதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. நான் அந்தக் கேலியில் சேரமாட்டேன். கொடுத்தவன் பெயர் எல்லார் காதிலும் விழுவதால்தான் வாங்கியவன் ஒரு ரூபாயைக்கூட மறைக்க முடிவதில்லை. ஒலிபெருக்கியில் வாசிப்பது விளம்பரம் மட்டுமன்று, ரசீதும் அதுதான்.

கொடை முடிந்து, எட்டாம் நாள் பூசையும் முடிந்தபின் கணக்கு முடிக்கும் கூட்டம். பந்தல்காரருக்கு, மேளத்துக்கு, வில்லுப்பாட்டுக் குழுவுக்கு, பூக்கடைக்கு என்று செலவை வாசித்துவிட்டு, மீதியை இருப்பு என்று சொல்வார்கள். இருப்பைச் சும்மா வைப்பதில்லை. வரிதாரர்களில் தேவைப்பட்டவர்களுக்கு வட்டிக்கு விடுவார்கள். அடுத்த கொடைக்கு முன் முதலும் வட்டியும் வந்து சேர வேண்டும். மகளுக்குப் பிரசவம் என்றோ விதைநெல்லுக்கு என்றோ வங்கி வாசலை மிதிக்க முடியாதவர்களுக்கு இதுவே கைகொடுத்தது. இன்னொரு பகுதியில் பாத்திரம் வாங்குவார்கள். அண்டா, சருவம், வாளி, கரண்டி, ஜமுக்காளம். ஒவ்வொன்றிலும் ஊர்ப் பெயரையோ கோயில் பெயரையோ வெட்டியிருப்பார்கள். வரிதாரர் வீட்டுக் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் குறைந்த வாடகை. அந்த வாடகையும் நோட்டில் ஏறும். இப்படி ஏறிய பணத்தில் சாவடி கட்டிய ஊர்கள் உண்டு, கிணறு வெட்டிய ஊர்கள் உண்டு.

முதலைத் தொடாமல் வட்டியைக் கொண்டு காரியம் நடத்துவது இந்த ஆற்றங்கரைக்குப் புதிதல்ல. அம்பாசமுத்திரத்தில் பாண்டியன் வரகுணன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கோயில் பூசைக்காக அரசன் 290 காசை இளங்கோய்க்குடிச் சபையார் கையில் கொடுக்கிறான். காசுக்கு ஆண்டுக்கு 2 கலம் நெல் பொலிசை, அதாவது வட்டி. மொத்தம் 580 கலம். முதல் கெடக் கூடாது, பொலிசையைக் கொண்டுதான் செலவு. அந்த நெல்லில் நெய்க்கும் தயிருக்கும் கறிவகைகளுக்கும் எவ்வளவு என்றும் அளந்து எழுதியிருக்கிறார்கள். கொடுத்தவன் அரசன்தான். ஆனால் பணத்தைக் கையில் வைத்துக் கணக்குச் சொல்லும் பொறுப்பு ஊர்ச் சபைக்கு. ஊர்க்கணக்கு நோட்டை வரலாற்று ஆவணமாக மதிக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இந்தக் கல்வெட்டு ஒன்றே போதும். அதுவும் ஒரு கணக்கு நோட்டுத்தான், கல்லில் எழுதியது.

ஆற்றின் கிழக்குக் கரையில், பாளையங்கோட்டையில், 1785-இல் குளோரிந்தா அம்மாள் முயற்சியில் எழும்பிய சிறு ஆலயத்திலிருந்து திருநெல்வேலித் திருச்சபையின் பணக்கதை தொடங்குகிறது. தொடக்க காலத்தில் வெளிநாட்டுப் பணம் நிறைய வந்தது. ஊர்ப் பெயர்களிலேயே அது தெரியும். மிஷனெரி ரேனியஸ் ஐயர் காலத்தில் பணம் அனுப்பிய பிரஷ்யப் பிரபு டோனாவின் பெயரில் டோனாவூர். நிலம் வாங்க உதவிய வணிகர் சாயரின் பெயரில் சாயர்புரம். சாராள் தக்கர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. இங்கிலாந்தில் இருந்தபடியே தென்னிந்தியப் பெண்களின் கல்விக்காக எழுதினார். அவர் மறைந்தபின் அங்குள்ள நண்பர்கள் அவர் நினைவாகச் சேர்த்த பணம் பாளையங்கோட்டையில் பெண்களுக்கான பயிற்சிப் பள்ளியாயிற்று. பின்னர் அதே பெயரில் கல்லூரியும் வந்தது. இங்கிலாந்து ஊர்களில் மிஷன் உண்டியலில் விழுந்த காசு தாமிரபரணிக் கரையில் செங்கல்லாக நின்றது.

எனக்கு முக்கியமாகத் தோன்றுவது இதன் மறுபாதி. 1903 பிப்ரவரி 12-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. முன்னின்றவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா, 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர். இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்று வைத்துக்கொண்டார்கள். தெலுங்கு நாட்டு டோர்ணக்கல்லுக்கு இங்கிருந்து ஊழியர்கள் போனார்கள். பனையேறியும் கூலி வேலை செய்தும் பிழைத்த குடும்பங்கள் நிறைந்த சபைகளிலிருந்து அதற்குப் பணம் எப்படி வந்தது? ஒரு பெரும் வழி கைப்பிடி அரிசி. உலை வைக்கும்போது வீட்டுக்காரி அளந்தெடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் போடுவாள். மாதக் கடைசியில் கலயம் சபைக்குப் போகும். ரூபாயைத் தொட உரிமை இல்லாத பெண், தன் அதிகாரத்தில் இருந்த ஒரே பொருளிலிருந்து கொடுத்தாள். வடகிழக்கே மிசோரத்திலும் இதே பழக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேர்விட்டு, இன்று அங்குள்ள சபைகளின் வருமானத்தில் குறிப்பிடத்தக்க பங்காக நிற்கிறது.

அரிசி சபைக்கு மட்டும் போகவில்லை. விருதுநகரில் நாடார் உறவின்முறை வணிகர்களிடம் பிரித்த மகமைப் பணத்தோடு வீட்டுக்கு வீடு பிரித்த பிடியரிசியும் சேர்ந்துதான் 1880-களில் எழுந்த க்ஷத்திரிய வித்தியாசாலையை நடத்தியது. காமராஜர் படித்தது அங்கே. அவர் முதலமைச்சராக இருந்தபோது 1956-இல், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் செலவில் ஒரு பங்கை ஊர்க்காரர்களே ஏற்றார்கள். பிடியரிசியில் நடந்த பள்ளியில் படித்தவருக்கு, ஊரைக் கேட்டால் ஊர் தரும் என்பது தெரிந்திருந்தது.

சபைகளில் நடக்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்தை ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும். ஆலயத்துக்கு முன்னால் காணிக்கைப் பொருள்கள் குவிந்திருக்கும். வாழைத்தார், பூசணி, கருப்பட்டிச் சிப்பம், காலைக் கட்டிய சேவல், முட்டை. ஒருவர் பொருளைத் தூக்கிக் காட்டி ஒருதரம், ரெண்டுதரம் என்று இழுப்பார். சந்தையில் சில ரூபாய் பெறும் முட்டை நூறைத் தாண்டும். எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டு, மறுபடி ஏலம் விடுங்க என்று முட்டையைத் திருப்பிக் கொடுப்பார். ஒரே முட்டை பல கை மாறும். மாமனும் மச்சானும் போட்டி போட்டு ஏற்றிவிடுவார்கள், கூட்டம் சிரிக்கும், தொகை சபைக் கணக்கில் ஏறும். விழுப்புரம் மாவட்டம் திருவெண்ணெய்நல்லூர் அருகே முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்துக்கு வேலில் குத்திய எலுமிச்சம்பழங்களை ஏலம் விடுகிறார்கள். 2024-இல் ஒன்பது பழம் 2 லட்சத்து 36 ஆயிரம் ரூபாய்க்குப் போயிற்று. அங்கே பிள்ளைவரம் வேண்டி எடுக்கிறார்கள், இங்கே முட்டையை எடுத்தவருக்கு முட்டைகூட மிஞ்சுவதில்லை. இரண்டு இடத்திலும் விலை கூறுவதுதான் கொடுப்பது.

இவை எல்லாவற்றையும்விட என்னை அதிகம் யோசிக்க வைப்பது குலசை எனப்படும் குலசேகரன்பட்டினத்தின் தசரா. முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு விரதம் இருந்து, காப்புக் கட்டி, வேடம் போட்டு வீடுவீடாகப் போய்க் காணிக்கை வாங்குவது அதன் உயிர். காளி வேடம் போடுகிறவர்கள் பல வாரம் கடும் விரதம் இருப்பார்கள். ராஜா, குரங்கு, கரடி, போலீஸ்காரர், குறவன் குறத்தி, பிச்சைக்காரர் என்று வேடத்துக்கு எல்லையில்லை. நெல்லை, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களில் ஊருக்கு ஊர் தசராக் குழுக்கள் உண்டு. ஓலைக் குடில் போட்டு அங்கேயே தங்கி, மேளத்தோடு தெருத்தெருவாகப் போவார்கள். பத்தாம் நாள் சூரசம்காரத்துக்குக் கடற்கரையில் லட்சக்கணக்கில் கூடி, பிரித்த காணிக்கையைக் கோயில் உண்டியலில் சேர்ப்பார்கள்.

கடை முதலாளி பிச்சைக்கார வேடத்தில் தன் கடை வேலையாளின் வீட்டு வாசலில் தட்டை நீட்டுவது அங்கே நடக்கும். அவரிடம் பணம் இல்லாமல் இல்லை; மொத்தத்தையும் தன் பெட்டியிலிருந்தே எடுத்துப் போட்டுவிடலாம். ஆனால் அப்படிப் போட்டால் நேர்த்தி தீராது. கேட்டுத்தான் வாங்க வேண்டும். கேட்கிறவனின் கூச்சத்தை வேடம் மறைக்கிறது. கொடுக்கிறவனின் மிதப்பை அம்மன் பெயர் அடக்குகிறது. பொதுப்பணம் திரட்டுவதில் மிகக் கடினமான காரியம் கை நீட்டுவது. அதை ஆண்டுக்கு ஒருமுறை எல்லாரும் பழகிக்கொள்ளும் இடம் இது. சுலோசன முதலியார் கதையில் வசூல் நடக்காமல் போன இடத்தை நினைத்தால், குலசையின் பெருமை இன்னும் தெளிவாகத் தெரியும்.

நம் ஊர்களில் விளையாட்டுப் போட்டிகள் பெரும்பாலும் பொங்கலுக்கு. இளைஞர் நற்பணி மன்றம் ஒன்று பெயர்ப் பலகையோடு எல்லா ஊரிலும் இருக்கும். உறியடி, வழுக்குமரம், சாக்கு ஓட்டம், கரண்டியில் எலுமிச்சம்பழம், கோலப்போட்டி. சாக்கும் கரண்டியும் ஆங்கிலேயர் பள்ளி விளையாட்டு விழாக்களில் உள்ளவை. உறியும் வழுக்குமரமும் நம்முடையவை. ஒரே மைதானத்தில் இரண்டும் கலந்து நடப்பதை யாரும் வித்தியாசமாக நினைப்பதில்லை. பணகுடிப் பக்கம் வடலிவிளையில் இளவட்டக்கல் தூக்கும் போட்டி இன்றும் நடக்கிறது. நூறு கிலோவைத் தாண்டும் உருண்டைக் கற்கள். பிடிக்க விளிம்பு கிடையாது. குந்தி உட்கார்ந்து கல்லைக் கட்டிப் பிடித்து, தொடைக்கு ஏற்றி, நெஞ்சில் அணைத்து, எழுந்து நின்று, தோளுக்குக் கொண்டுபோய், முதுகுப் பக்கம் தள்ளிவிட வேண்டும். கல் நெஞ்சுக்கு ஏறும் நொடியில்தான் பலர் விடுகிறார்கள். இதைத் தூக்கியவனுக்குத்தான் பெண் கொடுப்பார்கள் என்பது பழைய பேச்சு. இப்போது பெண்களே கல் தூக்கிப் பரிசு வாங்குகிறார்கள். அது எனக்கு மகிழ்ச்சி.

கபடிக்குத் தனிக் கணக்கு. நுழைவுக் கட்டணம், சுழற்கோப்பை, முதல் பரிசுக்கு ஒரு உபயதாரர், சாப்பாட்டுக்கு இன்னொருவர். ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்து மணத்தி என்ற சிற்றூரிலிருந்து போன கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார். 1995-க்கான அர்ஜுனா விருது பெற்றார். ஊர் மன்றங்கள் வசூல் செய்து நடத்திய மண்தரை ஆட்டங்களே இந்தப் பக்கத்துப் பையன்களுக்கு முதல் பயிற்சிக் களம்.

இவ்வளவு சொன்னபின் மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் பொய் சொன்னதாகிவிடும். வரி கொடுப்பது உரிமை என்றால், வரி வாங்க மறுப்பது தண்டனை. சாதி மாறிக் கல்யாணம் செய்த வீட்டில் வரி வாங்குவதில்லை. ஊர்க்கட்டை மீறியவனிடம் வாங்குவதில்லை. வாங்காத வீட்டுக்கு ஊர்ப் பாத்திரமும் இல்லை, நல்லது கெட்டதுக்கு ஆளும் இல்லை. ஊர் என்று நான் மேலே எழுதிய இடங்களில் பலவற்றில் அது ஒரு சாதியின் தெருவைத்தான் குறிக்கும். தலித் மக்கள் உழைப்பைத் தந்தார்கள், பறை அடித்தார்கள், வரிதாரர் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. இன்றைக்கு நற்பணி மன்றங்களின் பனியன் நிறத்திலும் கையில் கட்டும் கயிற்றிலும் சாதி வந்து உட்கார்ந்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியபின் அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024-இல் கொடுத்த அறிக்கையில் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்யச் சொல்லியது. தசராக் குழுக்கள் சாதி அடையாளக் கொடியும் ரிப்பனும் கொண்டுவரக் கூடாது என்று ஆண்டுதோறும் அறிவிக்க வேண்டியிருக்கிறது. குலசையில் எந்த வாசலிலும் தட்டை நீட்டலாம் என்றிருந்த வழக்கத்துக்கே இந்த அறிவிப்பு தேவைப்படுகிறது என்பது வெட்கம்.

பெண்கள் விஷயமும் அப்படியே. கலயத்தில் அரிசி போட்டவள் கணக்குக் கூட்டத்தில் உட்காரவில்லை. கட்டிக்கொடுத்த மகள் பிறந்த ஊரில் வரிதாரர் இல்லை. மகளிர் குழுக்கள் வந்தபின் பெண்கள் கையில் நோட்டும் இருப்பும் வந்துவிட்டன. கொடைக் கமிட்டியில் அவர்களுக்கு இடம் கொடுக்க ஊர்கள் இன்னும் தயங்குகின்றன. கையிருப்பைக் கட்டிக் காப்பதில் அவர்கள் சளைத்தவர்கள் இல்லை என்பது எந்த ஊருக்கும் தெரியும்.

இன்னொரு மாற்றமும் நடக்கிறது. பெரிய உபயதாரர் ஒருவர் கிடைத்தால் வரியே வேண்டாம் என்று சில இடங்களில் விட்டுவிடுகிறார்கள். ஃப்ளெக்ஸில் அவர் படம், ஒலிபெருக்கியில் அவர் பெயர். வரி நின்றால் கணக்கு கேட்கும் உரிமையும் நின்றுபோகும். ஒருவர் பணத்துக்கு யார் கணக்கு கேட்பது? சம வரியைத் தூக்கிவிட்டு ஒரு முதலாளியைத் தேடுவது ஊருக்கு நஷ்டம் என்றே நான் நினைக்கிறேன், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர்களில் கொடை ஊர்க்காரர்கள் இருப்பீர்கள், சபையார் இருப்பீர்கள், தசராக் குழுவில் இருப்பவர்கள் இருப்பீர்கள். உங்கள் ஊர் டிரங்குப் பெட்டியில் பழைய கணக்கு நோட்டுகள் கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் துறை இருக்கிறது. ஒரு நகல் எடுத்து அவர்களிடம் கொடுங்கள். அடுத்த கொடைக்கு வரி பிரிக்க வரும்போது, போன வருஷத்து இருப்பு எவ்வளவு, யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். எந்த வீட்டில் வரி வாங்கவில்லை என்றும் கேளுங்கள்.